முழங்காலும் முயற்சியும்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. காஞ்சிக்குப் பட்டு; மதுரைக்கு மல்லிகை; திண்டுக்கல்லுக்குப் பூட்டு. சென்னை மாநகரின் வடபகுதிக்கு எது சிறப்பு என்று அப்பகுதிச் சிறுவர்களைக் கேட்டால், அவர்கள் தயங்காமல் கூறும் விடைகளுள் ஒன்று கால்பந்தாட்டம் என்பதாகும்.

வடசென்னை உழைப்பாளர் வாழும் நிலம். துணி வெளுக்கும் தொழிலாளர் முற்காலத்தில் குடியேறி வாழ்ந்த பேட்டையே வண்ணாரப்பேட்டை ஆயிற்று. அதன் கிழக்கே, 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரமும், மீன்பிடி துறைமுகமாகிய காசிமேடும் உள்ளன. தென்கிழக்கே சென்னைத் துறைமுகம். வடக்கே தொழிற்சாலைகள் நிறைந்த திருவொற்றியூரும் எண்ணூரும். மேற்கே வியாசர்பாடியும் பெரம்பூரும். பெரம்பூரில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. 1955-இல் தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலை இன்றும் அங்கே இயங்கி வருகின்றது.

இத்தகைய பகுதியில் கால்பந்தாட்டம் வேரூன்றியது வியப்பன்று. இவ்வாட்டத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஒரு பந்தும் சிறிது வெளியிடமும் இருந்தால் போதும். இரண்டு செங்கற்களை நட்டுவிட்டால் அதுவே இலக்கு. இருபது சிறுவர்கள் ஒரே பந்தைக் கொண்டு ஒரு மாலைப் பொழுதை மகிழ்ச்சியோடு கழிக்கலாம். மற்றொரு காரணமும் உண்டு. துறைமுகம், இரயில்வே, சுங்கத்துறை, வங்கிகள் ஆகியவை தமக்கெனக் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடும் இளைஞனுக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆகவே, பந்து என்பது இப்பகுதிச் சிறுவனுக்கு விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. வறுமையினின்றும் மேலேறிச் செல்லும் ஏணியாகவும் அது தோன்றியது.

ஆயின், அந்த ஏணி எதன்மேல் சார்த்தப்பட்டிருக்கின்றது? ஆட்டக்காரனுடைய இரண்டு முழங்கால்களின் மேல்! அவற்றுள் ஒன்று தளர்ந்தால் ஏணியும் ஆட்டங்காணும். ஆட்டக்காரனின் உயர்வையும், அவன் உறும் காயத்தையும், அதிலிருந்து மீளும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

வண்ணாரப்பேட்டைக்கு அணித்தே இருப்பது வியாசர்பாடி. கால்பந்தாட்டத்தில் அப்பகுதியினர் கொண்ட பற்றினைக் கண்டு மக்கள் அதனைக் ‘குட்டி பிரேசில்’ என்று அன்போடு அழைக்கின்றனர். அங்குள்ள முல்லை நகர் மைதானத்தில் காலையும் மாலையும் சிறுவரும் சிறுமியரும் பந்தாடுவதைக் காணலாம். இவ்வியாசர்பாடியிலிருந்து புறப்பட்டு நாடறிந்த ஆட்டக்காரர் ஆனவர் தன்பால் கணேஷ்.

கணேஷ் 1994-ஆம் ஆண்டில் பிறந்தவர். நடுக்களத்தில் ஆடியவர். நடுக்கள ஆட்டக்காரரின் பணி எளிதன்று. எதிரணியார் கொண்டுவரும் பந்தை மறிக்க வேண்டும். மறித்த பந்தைத் தம் முன்னணியாருக்குத் தக்க நேரத்தில் அளிக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கோல் அடிப்பவரைப் பாராட்டும் கூட்டம் இவரைப் பல வேளைகளில் மறந்துவிடும். ஆனால், இவர் இல்லாத அணி தூண் இல்லாத மண்டபம் போன்றது.

இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிக்கும் பொருட்டு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்படுத்தியிருந்த பைலன் ஆரோஸ் அணியில் கணேஷ் இடம்பெற்றார். பின்னர்ப் புனே கால்பந்துக் கழகத்துக்காக ஆடினார். அதன்பின் தம் சொந்த நகரத்தின் அணியாகிய சென்னையின் எஃப்.சி.யில் சேர்ந்தார். 2014-இல் தொடங்கப்பெற்ற இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சென்னையின் சார்பாக ஆடும் அணி அது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் சென்னை நேரு விளையாட்டரங்கில் அரையிறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டம் நடைபெற்றது. எதிரணி கோவா. முதல் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒரு கோல் அடித்துச் சமமாக நின்றிருந்தன. ஆட்டம் தொடங்கி அரைமணிப் பொழுதுக்குள் சென்னை அணியின் ஜெஜே முதல் கோலை அடித்தார். அடுத்த சில நிமிடங்களில் இரண்டாம் கோலை அடித்தவர் கணேஷ். வியாசர்பாடியிலிருந்து அந்த அரங்கம் சில கல் தொலைவே. ஆயினும், அச்சில கல் தொலைவைக் கடக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. சென்னை அணி அன்று மூன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வென்றது. நான்கு நாட்களுக்குப்பின் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்திலும் மூன்றுக்கு இரண்டு என வென்று வாகை சூடியது.

அப்போது கணேஷுக்கு வயது 24 கூட நிரம்பவில்லை. ஆட்டக்காரனுடைய வாழ்வில் அது பூத்துக் குலுங்கும் பருவம். ஆனால், அடுத்த 2018–19 பருவத்தில் அவரால் களமிறங்க இயலவில்லை. முழங்காலில் ஏற்பட்ட காயம் அவரை அரங்கின் ஓரத்தில் அமர்த்திவிட்டது. முந்திய ஆண்டு வாகை சூடிய சென்னை அணி, அவ்வாண்டு பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. அதற்குக் காரணங்கள் பல. எனினும், தன் அணி தோற்பதைக் கண்டும், எழுந்து ஓட இயலாமல் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரனின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

முழங்கால் ஏன் இத்துணை எளிதில் ஊறுபடுகின்றது? அதன் அமைப்பைச் சிறிது அறிந்தால் விடை விளங்கும். நம் இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்துள் உருண்டையை வைத்தாற்போல் அமைந்தது; ஆதலின் உறுதி மிக்கது. முழங்கால் அவ்வாறன்று. மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு. ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றது. அவற்றை விலகாமல் பிணைத்து வைப்பவை நான்கு வலிய நார்க்கட்டுகள். இரண்டு பக்கவாட்டில் உள்ளன. மற்ற இரண்டும் மூட்டின் உள்ளே ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. அவ்விரண்டனுள் முன்னால் இருப்பதை ‘முன் சிலுவைப் பிணையம்’ என்று கூறலாம். மக்கள் பேச்சில் ‘சவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல வேளைகளில் அச்சொல் குறிப்பது இப்பிணையத்தையே. இதன் நீளம் ஏறத்தாழ மூன்று செண்டிமீட்டர். சுண்டுவிரலின் பருமன்கூட இராத இந்த நார், ஓடித் திரும்பும் ஓர் இளைஞனின் முழங்கால் எலும்பு முன்னோக்கி விலகாமல் பிடித்து நிற்கின்றது!

எதிரணியார் மோதுவதால்தான் இப்பிணையம் கிழிகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. பெரும்பாலும் ஒருவர் மேல் ஒருவர் படாமலே இது நிகழ்கின்றது. விரைந்து ஓடும் ஆட்டக்காரன் திடீரென நின்று திரும்புகின்றான். காலணியின் முளைகள் தரையைக் கௌவிக்கொள்கின்றன. பாதம் அசையாமல் நிற்க, உடல் மட்டும் திரும்புகின்றது. இடையில் அகப்பட்ட முழங்கால் முறுக்குண்கின்றது. ‘பட்’ என்று ஓர் ஒலி உள்ளே எழுவதாகக் காயமுற்றோர் கூறுவர். சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிடும். பெண் ஆட்டக்காரர்களுக்கு இக்காயம் ஆண்களைவிட மிகுதியாக நேர்கின்றது என்பதும் அறியத்தக்கது.

இவ்வாறு நேர்ந்தவுடன் என் செய்வது? முதலாவது, ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, இறுகாமல் கட்டுப் போட்டு, காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூன்றாவது, காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டையின் அண்டையில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் எலும்பு மூட்டு மருத்துவத்துக்கெனத் தனிப்பிரிவு உண்டு. வீங்கிய மூட்டை எண்ணெயிட்டு உருவுவதும், வலிமாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் ஆடுவதும் தீங்கையே வளர்க்கும்.

முற்றும் கிழிந்த பிணையம் பெரும்பாலும் தானே ஒன்றுசேர்வதில்லை. ஆதலின், மீண்டும் ஓடியாட விரும்புவோருக்கு அறுவை மருத்துவம் செய்யப்படுகின்றது. நோயாளியின் தொடைப்பின்புறத்திலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, கிழிந்த பிணையத்தின் இடத்தில் பொருத்துகின்றனர். சிறு துளைகளின் வழியே நுண்கருவிகளைச் செலுத்தியே இதனைச் செய்துவிடுகின்றனர்.

அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும். உண்மையான உழைப்பு அதன் பிறகே தொடங்குகின்றது. முதலில் காலை நீட்டப் பழக வேண்டும், பின்பு மடக்கப் பழக வேண்டும், ஊன்றுகோலின்றி நடக்க வேண்டும், மெலிந்துபோன தொடைத் தசையை நாள்தோறும் பயிற்சியால் வளர்க்க வேண்டும், நேராக ஓட வேண்டும், அதன்பின் வளைந்து ஓட வேண்டும், இறுதியிலேதான் பந்து! நாடெல்லாம் கண்ட கோலை அடித்தவனும், இங்கே குழந்தையைப்போல் முதலடியிலிருந்தே தொடங்க வேண்டியவனாகின்றான். இங்குக் கைதட்டுவோர் இல்லை; வெற்றிக்கிண்ணமும் இல்லை. நேற்று மடங்கியதைவிட இன்று சிறிது கூடுதலாக மடங்கினால் அதுவே அன்றைய வெற்றி.

இக்காலத்தில் இளைஞரை ஏமாற்றும் ஒன்று உண்டு. அது வலி மறைந்துவிடுதல். சில திங்களில் வலி நீங்கிவிடும். கால் குணமாகிவிட்டது என்று மனம் துள்ளும். ஆனால், புதிதாகப் பொருத்திய நார் அப்போது முழு வலிமை பெற்றிராது. அது மூட்டோடு ஒன்றி உரம்பெறப் பல திங்கள் வேண்டும். ஒன்பது திங்களுக்கு முன்பே போட்டிக்குத் திரும்புவோருக்கு மீண்டும் கிழியும் அபாயம் பன்மடங்கு மிகுதி என்று மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வலி போனது வேறு. வலிமை வந்தது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் வாழ்வை இழந்த ஆட்டக்காரர் பலர்.

இதனை உலகமே கண்ட நிகழ்ச்சி ஒன்று விளக்கும். பிரேசில் நாட்டில் ரொனால்டோ என்னும் பெரும்புகழ் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அதே பெயருடைய போர்ச்சுகல் நாட்டு ஆட்டக்காரர் வேறு, இவர் வேறு. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இத்தாலியில் ஆடும்போது, முழங்காற் சில்லின் கீழுள்ள நார் ஊறுபட்டது. அறுவை மருத்துவம் செய்துகொண்டு, ஐந்து திங்களுக்குள், 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் களம் புகுந்தார். பார்வையாளர் எழுந்து ஆரவாரித்தனர். ஏழே நிமிடங்கள்! யாரும் தொடாமலே அவர் முழங்கால் மடிந்தது. நார் முற்றிலும் அறுந்துபோயிற்று. ‘இனி இவர் ஆடுவது அரிது’ என்று பலர் கருதினர்.

இம்முறை ரொனால்டோ பதறவில்லை. ஓராண்டுக்கும் மேலாகப் பொறுமையோடு பயிற்சி செய்து, 2001-இல் ஆட்டத்துக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஜப்பானும் தென்கொரியாவும் இணைந்து நடத்திய உலகக்கோப்பைப் போட்டியில் எட்டுக் கோல்களை அடித்தார். 2002 ஜூன் 30-ஆம் நாள் யோகோகாமாவில் நடந்த இறுதியாட்டத்தில் பிரேசில் ஜெர்மனியை இரண்டுக்குச் சுழி என வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் ரொனால்டோ! பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும், மாணவர்களே, ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. பொறுமையோடு உழைக்கும் எல்லோருக்கும் ரொனால்டோவுக்கு வாய்த்த மீட்சி வாய்ப்பதில்லை. இப்பிணையத்துக்கு அறுவை செய்துகொண்டோருள் பத்துக்கு எட்டுப்பேர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்புகின்றனர். ஆனால், போட்டிக்களத்துக்கு மீண்டும் வருவோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. உடல் தேறினாலும் அச்சம் தடுப்பதுண்டு. உடலும் உள்ளமும் தேறினாலும், விட்டுச்சென்ற இடத்தில் வேறொருவர் நிற்பதுண்டு. கணேஷும் அடுத்த 2019–20 பருவத்தில் தம் அணிக்குத் திரும்பினார். ஆனால், வாகை சூடிய ஆண்டில் பெற்றிருந்த நிலையான இடம் அவருக்கு முன்போல் கிட்டவில்லை. நடுக்களத்தில் அதற்குள் வேறு இளைஞர் வேரூன்றியிருந்தனர். இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமோ? குறையாது. அரையிறுதியில் அவர் அடித்த கோல் அடித்ததே. வியாசர்பாடிச் சிறுவன் ஒருவன் அவ்வரங்கில் ஆடமுடியும் என்பதை அவர் மெய்ப்பித்துவிட்டார். அதனை எந்தக் காயமும் அழித்துவிட முடியாது.

இதனின்றும் நாம் அறிய வேண்டுவன இரண்டு. முதலாவது, காயம் வருமுன் காத்தல். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா 2006-இல் இருபது நிமிட முன்பயிற்சி முறை ஒன்றை வெளியிட்டது. மெல்லோட்டம், தொடை இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து முழங்கால் உட்புறம் மடியாதவாறு தரையில் ஊன்றுதல் ஆகியவை அதில் அடங்கும். இதற்குப் பணம் வேண்டா, கருவி வேண்டா. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையேனும் தவறாமல் இதைச் செய்யும் அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகக் குறைகின்றன எனக் கண்டுள்ளனர். பந்தைக் கண்டவுடன் பாய்ந்தோடும் நம் சிறுவர்கள், இந்த இருபது நிமிடத்தை வீண் என்று எண்ணுகின்றனர். ஒன்பது திங்கள் படுக்கையையும் பயிற்சியையும் தவிர்க்கும் இருபது நிமிடம் வீணாகுமோ?

வருமுன் காத்தலோடு சேர்ந்தது, வந்ததை மறையாதிருத்தல். நாளை தேர்வுப்போட்டி, இன்று கால் வலிக்கின்றது. சொன்னால் அணியில் இடம் போய்விடுமே என்று அஞ்சி மாணவன் மறைத்துவிடுகின்றான். இடம் ஒருமுறை போனால் மறுமுறை பெறலாம், முழங்கால் அவ்வாறன்று. ‘எனக்கு வலிக்கின்றது’ என்று ஆசிரியரிடம் சொல்வது கோழைத்தனமன்று. தன் உடலை அறிந்தவனுடைய துணிவே ஆகும். சொல்லியவனை ஏளனம் செய்யாமல் காப்பது உடன் ஆடுவோர் கடமை.

இரண்டாவது, ஆட்டத்தோடு கல்வியையும் கைவிடாமை. தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்வு குறுகியது. காயமே இல்லாதவருக்கும் முப்பத்தைந்து வயதை ஒட்டி ஆட்டம் முடிந்துவிடும். அதற்குப் பின்னும் வாழ்நாளில் பாதி எஞ்சியிருக்கும். ஆட்டக்காரனாய்த் தொடங்கியவன் பயிற்சியாளன் ஆகலாம், நடுவர் ஆகலாம், காயமுற்றோரைத் தேற்றும் இயன்முறை மருத்துவனும் ஆகலாம். ஆனால், இவற்றுக்கெல்லாம் படிப்பு வேண்டும். சென்னையைச் சேர்ந்த சையத் சபீர் பாஷா இந்திய அணியிலும் இந்தியன் வங்கி அணியிலும் ஆடிப் புகழ்பெற்றவர். ஆடும் நாள் முடிந்தபின் பயிற்சித் துறையில் புகுந்தார். 2018-இல் சென்னை அணி வாகை சூடியபோது அதன் துணைப்பயிற்சியாளராக விளங்கியவர் அவரே. கணேஷ் கோல் அடித்த அந்த இரவில் களத்துக்குள் ஒரு தலைமுறையும், களத்தின் ஓரத்தில் அதற்கு முந்திய தலைமுறையும் நின்றன என்பது எண்ணி மகிழத்தக்கது.

இன்றும் மாலையானால் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பந்து உருளத் தொடங்குகின்றது. காலணி அணிந்தவரும் அணியாதவரும் ஒன்றாக ஓடுகின்றனர். அவர்களுள் யாரேனும் ஒருவர் நாளை நேரு விளையாட்டரங்கில் நிற்கக்கூடும். மைதானத்தின் ஓரத்தில், காலில் கட்டோடு அமர்ந்து அவ்வாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனும் அங்கு இருப்பான். அவன் தோற்றவன் அல்லன். அவனும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றான். அவனுடைய ஆட்டம் பொறுமை என்னும் ஆட்டம். ஓடுபவனுக்கு நாம் கைதட்டுவோம், காத்திருப்பவனுக்குத் துணைநிற்போம். இவ்விரண்டையும் கற்றவனே கால்பந்தாட்டத்தை முழுமையாகக் கற்றவன் ஆவான்.